குழந்தைகள் காப்பகம் கட்ட 18 லட்சம் போதுமா?

திருப்பூர் மாவட்டத்தின் ஓர் ஊராட்சியிலிருந்து, பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை விலக்கிவிட்டு அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

அவருடைய ஊருக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் பனியன் கம்பெனிகளின் பேருந்துகள் வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்கள் வீடு திரும்ப இரவு ஏழு மணியாகிவிடுகிறது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுச் செல்பவர்களும் இருக்கிறார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஆறு பேர் சேர்ந்து கடந்த ஆண்டு ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்திருக்கிறார்கள். வாசகியின் தம்பி பெயரில் 12 சென்ட் இடம் இருக்கிறது. 40 குழந்தைகளுக்காக 1,800 சதுர அடியில் வரைபடம் போட்டாயிற்று. ஒப்பந்ததாரர் 2025 ஜூலையில் சதுர அடிக்கு ரூ. 2,200 வீதம் ரூ. 39.60 லட்சம் கேட்டிருக்கிறார். கையில் இருப்பது 18 லட்சம். அதில் 12 லட்சம் வாசகியின் ஓய்வுக்காலப் பணம், 6 லட்சம் ஊர் மக்கள் கட்டடத்துக்கென்று தந்தது. அந்தப் பெண்கள் பலர் வேலை செய்யும், ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பின்னலாடை நிறுவனம், தன் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு 20 இடம் ஒதுக்கினால் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியிலிருந்து 15 லட்சம் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது.

வாசகி கேட்பவை நான்கு. அரசாங்கம் 12 லட்சத்தில் அங்கன்வாடி கட்டும்போது நமக்கு மட்டும் ஏன் 40 லட்சம்? தகரக் கூரை போட்டுக் குறைக்கலாமா? வீடு என்று காட்டி எளிதாக அனுமதி வாங்கிவிடலாமா? குறைகிற 6.60 லட்சத்துக்குத் தன் வீட்டை அடமானம் வைக்கலாமா?

அம்மா, கட்டடப் பொறியாளன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: வேண்டாம். குறைவது 6.60 லட்சம் அன்று என்பதும், வாடகை வீட்டில் தொடங்கினால் உங்கள் நோக்கம் இன்னும் சீக்கிரம் நிறைவேறும் என்பதும்தான் காரணம். இரண்டையும் கணக்கோடு விளக்குகிறேன்.

அங்கன்வாடிக் கணக்கிலிருந்து தொடங்குவோம். அங்கன்வாடிக் கட்டடம் ஒன்றுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்திருக்கும் தொகை 12 லட்சம் என்று நீங்கள் எழுதியது சரி. அதில் 8 லட்சம் ஊரக வேலை உறுதித் திட்டத்திலிருந்தும், மீதி நிதி ஆணைய மானியத்திலிருந்தும் அமைச்சகத்திடமிருந்தும் வருவதாக வகுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கட்டடத்தின் அளவு சுமார் 600 சதுர அடி. 12 லட்சத்தை 600ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 2,000 ரூபாய் வருகிறது. உங்கள் ஒப்பந்ததாரர் கேட்ட 2,200க்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. அங்கே நிலம் பொது நிலம், மேற்பார்வை அரசுப் பொறியாளருடையது, குழந்தைகள் இருப்பதோ பகலில் சில மணி நேரம். நீங்கள் கைக்குழந்தைகளைப் பன்னிரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். ஆகவே ஒப்பந்ததாரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று மனம் நோக வேண்டாம். விலை நியாயமான எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்த விலைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. என் கவலை அதைப் பற்றியது.

சதுர அடி விலைக்குள் வராதவை

நம் பக்கத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, அஸ்திவாரம் முதல் வண்ணப்பூச்சு வரை கட்டடம் மட்டுமே பேசப்படுகிறது. சுற்றுச்சுவர், கேட், நிலத்தடி நீர்த்தொட்டி, செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மின் இணைப்புக்கான கட்டணம், மொட்டைமாடியில் தட்டோடு, மழைநீர் சேகரிப்பு ஆகியவை பெரும்பாலும் தனி. உங்கள் மனை 60 அடிக்கு 87 அடி என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 294 அடி. ஓரடி நீளத்துக்கு ரூ. 1,300 என்றாலும் சுற்றுச்சுவருக்கு மட்டும் ரூ. 3.82 லட்சம் ஆகிவிடும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் சுற்றுச்சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. தண்ணீர், கழிவுநீர், மின் இணைப்பு ஆகியவற்றுக்கு 4 லட்சமாவது வேண்டும்.

அடுத்தது ஜி.எஸ்.டி. ஒப்பந்ததாரர் பதிவு பெற்றவராக இருந்து, கேட்ட விலை வரி நீங்கலானதாக இருந்தால், 18 சதவீதம் சேரும், 39.60 லட்சத்துக்கு அது ரூ. 7.13 லட்சம். உங்கள் சொந்தக் கட்டடத்துக்காகக் கட்டும் இந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியாது. சிமெண்டு மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்ததால், ஜூலையில் தந்த விலையைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். ஆனால் அதில் பெரிய மிச்சம் எதிர்பார்க்காதீர்கள். 1,800 சதுர அடிக்கு ஏறத்தாழ 720 மூட்டை சிமெண்டு என்று கொண்டால் 20,000 ரூபாய் அளவில்தான் குறையும். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு மதிப்பீட்டில் 1 சதவீதம் கட்ட வேண்டும். ஒப்பந்ததாரருக்குப் பணம் தரும்போது அவர் தனிநபரானால் 1 சதவீதமும் நிறுவனமானால் 2 சதவீதமும் டி.டி.எஸ். (அவர் சார்பில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துச் செலுத்தும் கடமை அறக்கட்டளைக்கு உண்டு. இது கூடுதல் செலவன்று. செய்யத் தவறினால் வட்டியும் அபராதமும் செலவாக வந்து நிற்கும்.

இவற்றோடு பாய், தொட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, விளையாட்டுப் பொருள்களுக்கு 3 லட்சமும், எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதமும் சேர்த்தால் உங்கள் திட்டம் 60 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. நிறுவனத்தின் 15 லட்சம் முழுதாக வந்தாலும் கையில் 33 லட்சம்தான் இருக்கும். வீட்டை அடமானம் வைத்து 6.60 லட்சம் வாங்கினால், கூரை போட்ட நிலையில் வேலை நின்றுபோகும்.

அளவை எங்கே குறைக்கலாம்

பணியிடக் காப்பகங்களுக்காக ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடியைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. விளையாடவும் உண்ணவும் அதே அறையில் பகலில் தூங்கவும் வேண்டுமென்றால் 20 சதுர அடி என்று கொள்வதே குழந்தைகளுக்கு நியாயம். 40 குழந்தைகளுக்கு 800, கழிப்பறைகளுக்கு 120, சமையலறையும் இருப்பறையும் 150, பால் கலக்கவும் துணி மாற்றவும் 80, உடம்பு சரியில்லாத குழந்தையைப் படுக்கவைக்கும் கட்டிலோடு அலுவலக அறை 100. மொத்தம் 1,250. சுவருக்கும் நடைக்கும் 250 சேர்த்தால் 1,500 சதுர அடி போதும். உங்கள் வரைபடத்தில் அறங்காவலர் கூட்டத்துக்கென்று 300 சதுர அடியில் ஓர் அரங்கு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சமாவது சரியாக ரூ. 6.60 லட்சம். வீட்டை அடமானம் வைத்து வாங்க நினைத்த தொகையும் அதுதான்! கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளின் அறையிலேயே பாய் விரித்து நடத்திக்கொள்ளலாம்.

எதிர்காலத்தில் மாடி எழுப்புவதற்காகத் தூண்கள் போடச் சொல்லியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளை மாடியில் வைக்கக் கூடாது. ஆகவே மாடியே தேவையில்லை. மண் பரிசோதனையில் தரை உறுதியாக இருந்தால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே கூரையைத் தாங்கும். தரைமட்டத்திலும் லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு) மட்டத்திலும் சுற்றிலும் கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். கரிசல் மண்ணாக இருந்தால் கதை வேறு. அதனால் வரைபடத்துக்கு முன்பே மண்ணைப் பாருங்கள். சமையலறையும் கழிப்பறையும் எதிரெதிர் மூலையில் இருப்பதால் குழாய்ச் செலவும் கூடுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் இருப்பறையை வைத்துப் பிரித்துவிடலாம்.

தகரக் கூரையில் உங்களுக்கு மிச்சம் இல்லை. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தகரத்தின் கீழ் கைக்குழந்தை தூங்காது. வெப்பம் தடுக்கும் அட்டை, உள்கூரை, கூடுதல் மின்விசிறி என்று போட்டுக்கொண்டே போனால் கான்கிரீட் கூரைக்கு அருகில் வந்துவிடும். ஓலைக் கீற்றைப் பேச்சுக்குக்கூட எடுக்க வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகி இறந்தது, சமையலறையில் பற்றிய தீ ஓலைக் கூரைக்குப் பரவியதால்தான்.

எங்கே ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து சிறு குழந்தை ஒன்று இறந்தது. நீர்த்தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் துருப்பிடிக்கும் இரும்புத் தகட்டு மூடி வேண்டாம். கனமான கான்கிரீட் மூடியும், அதன்மேல் பூட்டும் வேண்டும், இரண்டும் விளையாடும் பக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். ஜன்னல் கம்பிகள் செங்குத்தாக, நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல் இருக்கட்டும். கிடைமட்டக் கம்பி குழந்தைக்கு ஏணி. கை கழுவும் தொட்டி குழந்தையின் இடுப்புயரத்தில் இருக்கட்டும். மின் கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி, வழுக்காத டைல்ஸ், இரண்டு வெளிவாசல்கள் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். பேசிக்கொண்டது எழுத்தில் இல்லையென்றால், பணம் தட்டுப்படும்போது முதலில் மறைவது இவைதான்.

வீடு என்று காட்டி அனுமதி வாங்குவது

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த, உரிமையாளரே சான்றளித்து உடனடியாக அனுமதி பெறும் சுயசான்று முறையை மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் குடியிருப்புக்கு உரியது. உங்கள் மனை 5,200 சதுர அடியைத் தாண்டுகிறது, கட்டப்போவதும் குடியிருப்பன்று. இரண்டு வகையிலும் பொருந்தாது. பொருந்தியிருந்தாலும் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. பள்ளிகளிடம் கேட்கப்படும் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் கேட்கப்படும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். அனுமதிக்கும் பயன்பாட்டுக்கும் பொருத்தமில்லாத கட்டடத்துக்கு இவற்றைப் பெறுவது கடினம். ஏதேனும் விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் ஆறு பேரும்தான். நிலம் விவசாய வகைப்பாட்டில் இருக்கிறதா என்பதை வரைபடத்துக்குச் செலவழிக்கும் முன் சரிபாருங்கள். வகைப்பாடு மாற்றத்துக்கு மாதங்கள் பிடிக்கும்.

நிறுவனம் தருவதாகச் சொன்ன பணம்

இங்கேதான் உங்கள் வரவுக் கணக்கு ஆட்டம் காண்கிறது. நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் சமூகப் பொறுப்பு நிதிக்கு விதிகள் உண்டு. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்த நிதியில் காட்ட முடியாது. 20 இடம் என்ற நிபந்தனை அங்கேயே இடிக்கிறது. பெறும் அறக்கட்டளை, 12ஏ, 80ஜி என்று அறியப்படும் வருமான வரிப் பதிவுகளோடு (அறக்கட்டளைக்கு வரிவிலக்கும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் தருபவை), சி.எஸ்.ஆர். 1 என்ற படிவத்தில் பதிவு எண்ணும் பெற்றிருக்க வேண்டும். அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். உங்கள் அறக்கட்டளைக்கு ஒரு வயதுதான் ஆகிறது. அந்தப் பணத்தில் எழும் கட்டடம் அறக்கட்டளையின் சொத்தாகவும் இருக்க வேண்டும். தம்பியின் நிலத்தில் அது சிக்கலாகும். தம்பி தங்கமானவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளோடு காப்பகம் வழக்காட நேரக் கூடாது. அவர் மனம் ஒப்பினால் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு உள்ள சலுகைக் கட்டணம் அறக்கட்டளைக்குக் கிடைக்காது என்பதால், முத்திரைத் தீர்வைச் செலவையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும் என்பதும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்பதும் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த கடமைகள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவை இருக்கின்றன. ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் காப்பகத்தால் அந்தக் கடமை நிறைவேறாது. இதை நிறுவனத்திடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, வேறு வகையில் உதவி கேளுங்கள். தன் தொழிலாளர்களின் குழந்தைகள் 12 பேருக்குத் தலைக்கு மாதம் ரூ. 2,000 வீதம், நிதியாண்டுதோறும் புதுப்பிக்கும் எழுத்து ஒப்பந்தமாகத் தரச் சொல்லுங்கள். குழந்தையைப் பற்றிய கவலையால் நல்ல தையல்காரர் வேலையை விட்டுப்போவது அவர்களுக்கும் நட்டம் என்பதால் இதற்கு அவர்கள் இசைய வாய்ப்பு அதிகம்.

கட்டி முடித்த பிறகான மாதங்கள்

உங்கள் ஆறு பக்கக் கடிதத்தில் மாதச் செலவு பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் 24 குழந்தைகளுக்கு நானே போட்டுப் பார்த்தேன். காலை ஏழரை முதல் இரவு ஏழரை வரை நடப்பதால், நேரம் மாற்றி வரும் நான்கு ஆயாக்களும் ஒரு சமையலாளும் வேண்டும். ஆளுக்கு 12,000 என்றால் 60,000 (குறைந்தபட்ச ஊதிய விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்). உணவு, பாலுக்குக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 30 வீதம் 26 நாளுக்கு 18,720. மின்சாரம், எரிவாயு, சோப்பு, மருந்துக்கு 8,000. மொத்தம் ரூ. 86,720. தாய்மார்கள் மாதம் 2,000 தந்தால் வரவு 48,000. மாதம் ரூ. 38,720 துண்டு விழுகிறது, ஆண்டுக்கு 4.6 லட்சத்துக்கு மேல். இதன்மேல் வீட்டுக் கடன் தவணையும் சேர்ந்தால் முதல் வருடத்திலேயே ஆயாக்களின் எண்ணிக்கையில்தான் கை வைக்க வேண்டிவரும். ஒன்றிய அரசின் பால்னா என்ற குழந்தைகள் காப்பகத் திட்டம் இந்தப் பள்ளத்தை நிரப்பும் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது மாநில அரசு வழியே, பெரும்பாலும் அங்கன்வாடிகளோடு இணைந்து நடப்பது.

நான் சொல்லும் வழி

ஊருக்குள் தரைத்தளத்தில் 900 சதுர அடி வீடு ஒன்றை மூன்று ஆண்டுக்கு வாடகைக்கு எடுத்து, 24 குழந்தைகளோடு தொடங்குங்கள். மேலே சொன்ன சான்றுகள் அந்த வீட்டுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் முன்பே கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். காப்பகம் நடத்த உரிமையாளர் சம்மதிப்பதும் பத்திரத்தில் இருக்கட்டும். கழிப்பறை மாற்றம், கம்பித் தடுப்பு, சாமான்கள், முன்பணம் எல்லாம் சேர்த்து 4.5 லட்சம் ஆகும். வாடகை 10,000 என்றால் துண்டு விழும் தொகை மாதம் 48,720. அதில் நிறுவனம் 24,000 தந்து, ஊரில் 25 பேர் மாதம் 500 தந்தால் மீதம் 12,220. மூன்று ஆண்டுக்கு அது 4.4 லட்சம். ஆக உங்கள் 12 லட்சத்தில் ஏறத்தாழ 9 லட்சம் செலவாகும். மீதி 3 லட்சத்தை அறக்கட்டளைக் கணக்குக்கு மாற்றாமல் உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். இந்த வயதில் மருத்துவத்துக்கு வேண்டும். நிறுவனம் கைவிரித்தால் மொத்தச் செலவு 17.5 லட்சமாகிவிடும், அப்போது 15 குழந்தைகளோடும் அதற்கேற்ற ஆட்களோடும் தொடங்குங்கள்.

ஊரார் தந்த 6 லட்சத்தைத் தொடாதீர்கள். கட்டடத்துக்கென்று வாங்கியதை வேறெதற்கும் எடுக்கத் தந்தவர்களின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அதை வைப்பு நிதியில் போட்டு, ரசீதின் நகலை ஊர்க் கூட்டத்தில் காட்டிவிடுங்கள்.

மூன்று ஆண்டு நடத்தினால் சமூகப் பொறுப்பு நிதிக்கான தகுதி வருகிறது. இதற்குள் நிலம் அறக்கட்டளைக்கு மாறி, வகைப்பாடும் சரியாகியிருக்கும். உண்மையில் வருவது கைக்குழந்தைகளா, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களா என்பதும் தெரிந்துவிடும். வரைபடம் இந்த விகிதத்தை வைத்துத்தான் போட வேண்டும். கைக்குழந்தைகள் அதிகமென்றால் தூங்கும் அறையும் பால் அறையும் பெரிதாகும், வெளித்திண்ணை குறையும்.

அப்போது ஒப்பந்தம் போடும் முன், ஒரே வரியில் சதுர அடி விலை தரும் தாளை வாங்காதீர்கள். மண் வேலை, கான்கிரீட், கம்பி, செங்கல், பூச்சு, டைல்ஸ் என்று அளவும் விலையும் தனித்தனியாகப் போட்ட பட்டியலை மூவரிடம் வாங்கி, பொதுப்பணித் துறையின் அந்த ஆண்டு விலைப்பட்டியலோடு வைத்துப் பாருங்கள். அடித்தளம், லிண்டல், கூரை, பூச்சு, நிறைவு என்று வேலை முடிந்த பிறகே அந்தந்தத் தவணை தரப்பட வேண்டும். 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள். சாமான் நாமே வாங்கிக் கூலி மட்டும் பேசினால் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். தினமும் களத்தில் நிற்க ஆள் இருந்தால் மட்டுமே அது மிச்சம், உங்கள் ஆறு பேரில் யாருக்கும் அந்த வேலையைச் சுமத்த நான் விரும்பவில்லை.

அடுத்த கடிதத்தில் நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகலையும், பார்த்திருக்கும் வாடகை வீட்டின் அறை அளவுகளையும், கிணறோ திறந்த தொட்டியோ அருகில் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்களை வரைந்து அனுப்புகிறேன்.